அமைதிப் பணிக்கு எந்த வாசல்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமைதிப் பணியிலும் பன்னாட்டு வளர்ச்சிப் பணியிலும் சேர்வதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்திற்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாமென்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: சமூகப் பணியில் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். ‘பீஸ்பில்டிங்’ என்று சொல்கிறார்களே, அதில் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? ஐ.நா. அமைதிப்படையும் இதுவும் ஒன்றா? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அந்தக் குழப்பம் தெளியாமல் மற்றதைப் பேச முடியாது. நீலத் தலைக்கவசம் அணிந்த ஐ.நா. அமைதி காக்கும் படை, போரிட்ட தரப்புகளுக்கு இடையில் நின்று மறுபடியும் துப்பாக்கி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. 2007-இல் இந்தியா லைபீரியாவுக்கு அனுப்பிய, முழுவதும் பெண்களே அடங்கிய காவல் அணியைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அவர்கள் இங்கே மத்திய ரிசர்வ் காவல் படையில் பணியாற்றியவர்கள். அந்த வேலைக்கு ராணுவமும் காவல் துறையும்தான் வழி.

நீங்கள் கேட்கும் வேலை, துப்பாக்கி ஓய்ந்த பிறகும், சில இடங்களில் அது வெடிப்பதற்கு முன்பும் நடப்பது. நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1960-களில் அமைதியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: சண்டை இல்லாதிருப்பது ஒன்று, சண்டைக்கு வித்திட்ட அநீதியும் இல்லாதிருப்பது மற்றொன்று. இரண்டாவதை நோக்கிச் செய்யும் வேலையைத்தான் அமைதியைக் கட்டியெழுப்புதல் என்கிறோம். 1992-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பூத்ரோஸ் பூத்ரோஸ் காலி அளித்த அறிக்கைக்குப் பிறகு அந்தச் சொல் அரசுகளின் வழக்கில் நிலைபெற்றது. 2005-இல் அதற்கென்று ஐ.நா.வில் ஓர் ஆணையமும், அதைத் தொடர்ந்து ஒரு நிதியமும் அமைந்தன.

இவை வரையறைகள். வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பணமும் பொருளும் ஆட்களும் வந்து குவிந்த அந்த நாட்களில், ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பாளராக நான் அங்கே போனேன். பயனாளிகள் பட்டியலை மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்திடமே கேட்டு வாங்கினோம். வேலை விரைவாக நடந்தது. தங்களுக்குள் அவர்கள் ஒழுங்காகவே பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பஞ்சாயத்துக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள் மட்டுமே இருந்தன. மீனைக் கூடையில் சுமந்து விற்ற கைம்பெண்கள், கரையோர வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள், கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்த இருளர்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் இல்லை. படகு வாங்கித் தருவதாக நிதி திரட்டி வந்தவர்கள் படகைத்தான் கொடுத்தார்கள். பேரலைக்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதலான ஃபைபர் படகுகள் கரையில் நின்றன. வலை பின்னிக் கூலி வாங்கியவருக்கு எதுவும் வரவில்லை. அலை வந்த நாளில் ஒருவரையொருவர் தூக்கிக் கரை சேர்த்த தெருக்கள், அடுத்த சில மாதங்களில் முகம் கொடுத்துப் பேசாமல் போனதை நான் பார்த்தேன். அங்கே போர் ஏதும் நடக்கவில்லை. நல்ல மனத்தோடு கொடுத்த உதவிதான் பிளவை ஆழப்படுத்திற்று; அந்தப் பட்டியலில் என் கையெழுத்தும் இருந்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் மேரி ஆண்டர்சன், போர்ப் பகுதிகளில் நடந்த உதவிப் பணிகளை 1990-களில் ஆராய்ந்து இதையே ஒரு முறையாக வகுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வோர் ஊரிலும் மக்களைப் பிரிப்பவை சில இருக்கும், இணைப்பவை சில இருக்கும். வெளியிலிருந்து வரும் உதவி இரண்டில் ஒன்றை வலுப்படுத்தியே தீரும் என்பது அவருடைய கண்டறிதல். ஆகவே கிணறு வெட்டுவதற்கு முன்பே, எந்த இடத்தில் வெட்டினால் யார் நடந்து வர முடியும், யார் வரத் தயங்குவார்கள் என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதுதான் உங்கள் தொழிலாக இருக்கும்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் இந்திய அரசு மேற்கொண்ட வீடமைப்புத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுமார் 46,000 வீடுகள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல், கட்டுமானம் வளர வளரத் தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே பணம் போடும் முறை. தாளில் இது கட்டுமானத் திட்டம். களத்தில் இறங்கியவர்களோ, இடம்பெயர்ந்து முகாமிலிருந்து திரும்பியவரிடம் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறதா, ஒரே காணிக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோரினால் எப்படித் தீர்ப்பது, கணவன் காணாமல் போன பெண்ணின் பெயரில் வீட்டை எழுத முடியுமா, அடுத்த கிராமத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததாக எழும் முறையீட்டை யார் கேட்பது என்பவற்றையெல்லாம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வீடு பொறியாளரின் வேலையென்றால் இவையெல்லாம் அமைதிப் பணியாளரின் வேலை. நல்ல திட்டத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள்.

நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்றால், தொடங்கிவிட்டீர்கள் என்றே சொல்வேன். சுய உதவிக் குழுவில் கடன் தவணை தவறிய பெண்ணை மற்றவர்கள் ஒதுக்கியபோது நீங்கள் என்ன செய்தீர்கள், இரு சாதிப் பெண்கள் ஒரே குழுவில் உட்கார மறுத்தபோது யாரிடம் முதலில் பேசினீர்கள் என்பதை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வுகளில் கேட்பது இதைத்தான். பட்டத்தின் பெயரைப் பார்த்து வேலை கொடுத்தவரை நான் கண்டதில்லை. இன்னும் ஓராண்டாவது இதே வேலையில் இருங்கள். ரோட்டரி அமைப்பு வழங்கும் அமைதி நல்கை, கல்விக் கட்டணத்தோடு தங்குமிடம், உணவு, பயணச் செலவு ஆகியவற்றையும் ஏற்று, ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் முதுகலை படிக்க அனுப்புகிறது. அதற்குத் துறை சார்ந்த பணி அனுபவம் குறைந்தது 3 ஆண்டுகள் வேண்டும். வெளிநாட்டுக்குப் போக இயலாவிட்டால் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் நெல்சன் மண்டேலா பெயரிலான அமைதி ஆய்வு மையம் இருக்கிறது. அதைவிட அருகில், உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவில், காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய அந்த நிறுவனத்தில் காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் ஒரு துறையாகவே உண்டு. நம்மவர்கள் ஜெனீவாவின் முகவரியைத் தேடும் அளவுக்கு இதைத் தேடுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

கேள்வி: என் மகன் கட்டடப் பொறியாளர். பெங்களூரில் நல்ல ஊதியம். அதை விட்டுவிட்டு ஐ.நா. தன்னார்வலராக ஆப்பிரிக்காவுக்குப் போக விண்ணப்பித்திருக்கிறான். தன்னார்வலர் என்றால் சம்பளம் கிடையாதா? உயிருக்கு ஆபத்தில்லையா? தடுப்பதா, அனுப்புவதா என்று தெரியாமல் தவிக்கிறோம்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் தொடங்கியது. அதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. பெயரில் தன்னார்வம் இருந்தாலும் முழுநேர ஒப்பந்தப் பணிதான். சம்பளம் என்று சொல்லாமல் வாழ்க்கைச் செலவுப் படி என்று மாதந்தோறும் தருவார்கள். பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் உண்டு. உங்கள் மகன் பெங்களூரில் சேமித்த அளவுக்குச் சேமிக்க முடியாமல் போகலாம். பட்டினி கிடக்க மாட்டார்.

ஆபத்தைப் பற்றி உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதில், ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டத்து மூதூரில், பிரான்ஸ் நாட்டுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தமிழர்கள். 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் 380-க்கும் மேற்பட்ட உதவிப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் இந்தக் கணக்கில் மிகப் பெரும்பான்மையினர் தங்கள் சொந்த நாட்டிலேயே பணி செய்தவர்கள். வெளியிலிருந்து போகிறவருக்குப் பாதுகாப்பு விதிகள், வண்டி, தொடர்புக் கருவி, நிலைமை முற்றினால் வெளியேற்றும் ஏற்பாடு ஆகியவை இருக்கும். உள்ளூர்க்காரருக்குப் பல வேளைகளில் அவை இருப்பதில்லை. உங்கள் மகன் போகும் இடம் குடும்பத்தோடு தங்க அனுமதி இல்லாத பணியிடமா என்று கேளுங்கள். அந்த ஒரு விவரமே அந்த ஊரின் நிலையைச் சொல்லிவிடும். ஐ.நா.வின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நீங்களும் மகனுமாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள். அச்சம் இருக்க வேண்டிய அளவில் நிற்கும்.

எனக்கு உயிர் ஆபத்தைவிட வேறொன்றே பெரிய கவலை. இந்தத் துறையில் பணம் இப்போது வேகமாக வற்றுகிறது. உலகின் மிகப் பெரிய உதவி வழங்கும் நிறுவனமாக இருந்த அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் 2025 தொடக்கத்திலிருந்தே கலைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் நாளோடு தனி நிறுவனமாக இல்லாமல் போனது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. பணக்கார நாடுகள் 0.7 விழுக்காடு தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 1970-இல் தீர்மானம் போட்டதை இங்கே நினைத்துப் பாருங்கள். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். இந்நிலையில் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து திரும்பும் பொறியாளருக்கு அடுத்த வேலை உடனே அமையும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

ஆனால் உங்கள் மகனிடம் பொறியியல் இருக்கிறது. அதனால்தான் நான் அனுப்புங்கள் என்கிறேன். பாலம், தண்ணீர்க் குழாய், முகாமின் கழிவறை ஆகியவற்றைக் கட்டத் தெரிந்தவர் எந்த நாட்டிலும் தேவைப்படுகிறார். திரும்பி வந்தாலும் அவருக்குத் தொழில் கையில் உண்டு. ஓராண்டுச் செலவுக்கான தொகையை வங்கியில் ஒதுக்கிவைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். போவதற்கு முன் பெங்களூர் நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

கேள்வி: ஐ.நா.வில் அலுவலக உதவியாளர் வேலை உறுதி என்று ஒரு முகவர் 80,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். ஐ.நா. முத்திரையோடு கடிதமும் காட்டினார். நம்பலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: நம்பாதீர்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி, விசா என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. வங்கிக் கணக்கு விவரமும் கேட்பதில்லை. முத்திரையை எவரும் அச்சடிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய அண்டை வீட்டார் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஏழு வருடமாக மிதிவெடி அகற்றும் பணியில் இருக்கிறேன். இப்போது குழுத் தலைவியாக இருக்கிறேன். வெளிநாட்டு நிபுணர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று வந்து போகிறார்கள். நிலத்தை அவர்களுக்கு விளங்கப்படுத்துவது நாங்கள். சம்பளம் அவர்களுக்குப் பல மடங்கு. எங்களைப் போன்றவர்களுக்கு சர்வதேச நிலைக்குப் போக வழியில்லையா? வெடி அகற்றும் வேலை முடிந்தால் எங்கள் கதி என்ன?
– வாசகி, வவுனியா

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். இலங்கையின் வடக்கிலுள்ள முகமாலையிலும் அதைச் சுற்றிலும் வெயிலில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி, அடுத்தவர் பிள்ளை கால் வைப்பதற்கு ஒரு காணியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைவிட அமைதிப் பணி என்ற பெயருக்குத் தகுதியான வேலை வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் அறிவேன்.

ஊதிய வேறுபாடு உண்மை, அது நியாயமற்றது. பெரும்பாலான அமைப்புகளில் உள்நாட்டுப் பணியாளருக்கு உள்ளூர்ச் சந்தை நிலவரப்படியும் வெளியிலிருந்து வருபவருக்கு உலக அளவிலான அட்டவணைப்படியும் ஊதியம் வகுக்கப்படுகிறது. 2016-இல் பெரிய கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் கூடி, மனிதநேய நிதியில் 25 விழுக்காட்டையாவது 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளிடம் கூடியவரை நேரடியாகக் கொடுப்பதென்று உறுதி எடுத்தன. அந்த அளவை அவை எட்டவில்லை. ஆகவே முறை மாறும் வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் வேலை எப்போது முடியும் என்பதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க முதலில் விதிக்கப்பட்ட 10 ஆண்டுக் கெடு 2028 ஜூன் வரை. அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது, கையிலுள்ள திறமையைத் தாளில் ஏற்றுவது. வெடிபொருள் அகற்றலில் உங்கள் பயிற்சி நிலை 1, 2, 3 என எதுவாக இருந்தாலும் அதன் சான்றிதழின் சான்றுப்படுத்திய நகல், எத்தனை பேருக்குத் தலைமை தாங்கினீர்கள், எத்தனை சதுர மீட்டர் துப்புரவாக்கினீர்கள், உங்கள் அணியில் விபத்தின்றிக் கடந்த நாட்கள் எத்தனை என்பவற்றை மேலாளரின் கையொப்பத்தோடு இப்போதே வாங்கி வையுங்கள். நிறுவனம் மூடிய பிறகு அந்தக் கையொப்பத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நம் பெண்கள் சுயவிவரத்தில் ‘மிதிவெடி அகற்றும் பணியாளர்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். உக்ரைன், ஈராக், அங்கோலா, கம்போடியா ஆகிய இடங்களுக்கு ஆள் எடுப்பவர்கள் மேற்சொன்ன எண்களைத்தான் தேடுகிறார்கள்.

அதற்கடுத்து, களத்திலிருந்து தரக் கண்காணிப்புக்கோ தகவல் பிரிவுக்கோ மாற்றம் கேளுங்கள். மிதிவெடித் தகவல்களைத் தொகுக்க, மிதிவெடி அகற்றலுக்கான ஜெனீவா பன்னாட்டு மையம் உருவாக்கிய ‘இம்ஸ்மா’ என்ற கணினி அமைப்பைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. அதையும் வரைபடம் தயாரிக்கும் மென்பொருள் ஒன்றையும் கற்றவர், உடல் உழைப்புக்கு வயது ஒத்துழைக்காத காலத்திலும் இத்துறையில் நிலைக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு நாளைய வேலையை ஒரு பக்க அறிக்கையாக எழுதும் பழக்கமும் வேண்டும்.

நாட்டை விட்டுப் போக விருப்பமில்லையென்றால் இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. காணிப் பிணக்குகளுக்கென்று தனிச் சபைகளும் உண்டு. துப்புரவான நிலம் உரியவரிடம் போகும்போது எழும் எல்லைத் தகராறுகளை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அந்தச் சபைகளில் பணியாற்றுவது ஊதிய வேலையல்ல. ஆனால் தமிழும் சிங்களமும் பேசி, மூன்று சமூகத்தாரும் வாழும் வவுனியாவில் நிலத்தின் வரலாற்றை அறிந்த ஒரு பெண் அந்தப் பயிற்சியையும் பெற்றுவிட்டால், காணி, மீள்குடியேற்றம் தொடர்பான எந்தத் திட்டத்துக்கும் அவர் தேவைப்படுவார். சிங்களம் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஐ.நா.வில் சேர வேண்டும் என்பது என் கனவு. பன்னாட்டு உறவுகள் படிக்க வேண்டுமா? பிரெஞ்சு படித்தால் போதுமா?
– மாணவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, முதல் பட்டத்தில் ஒரு கைத்தொழிலைப் போன்ற படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: வேளாண்மை, செவிலியம், புள்ளியியல், சட்டம், நீர்ப் பொறியியல் என எதுவாகவும் இருக்கலாம். பன்னாட்டு உறவுகளை முதுகலையில் படிக்க நேரம் இருக்கிறது. ஐ.நா.வுக்கு அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என 6 அலுவல் மொழிகள் உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொன்று தெரிந்திருப்பது பெரிய பலம். பிரெஞ்சு தெரிந்தால் காங்கோ, சாட், மாலி போன்ற நாடுகளில் மக்களோடு பணியாற்ற முடியும் என்பதால் அது நல்ல தேர்வுதான். சென்னையிலும் புதுச்சேரியிலும் கற்கலாம். ஐ.நா. தலைமைச் செயலகம் இளைஞர்களுக்கு நடத்தும் தேர்வில், அந்தந்த ஆண்டு பட்டியலிலுள்ள நாட்டவர் மட்டுமே, 32 வயதுக்குள், கலந்துகொள்ள முடியும். பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் அதை ஒன்றையே நம்பியிருக்காதீர்கள்.

அதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். பொதுத் தேர்வு முடிந்ததும் உங்கள் ஊர் உப்பளங்களுக்கு ஒரு வாரம், பெரியவர் ஒருவரின் துணையோடு, விடியற்காலையில் போங்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களை எப்படிக் கடக்கிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு எதையும் வாக்களிக்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே நான்கு பக்கத்துக்கு எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அடுத்து எந்தக் கல்லூரி என்பதைப் பேசலாம்.